திசை கெடுக்கும் விளக்குகள்

2025ஆம் வருஷம் மே, ஜூன் மாதங்களில் சென்னையில் இறங்க வந்த விமானங்கள்மீது தரையிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சப்பட்டது. தெய்வாதீனமாக விபத்து நேரவில்லை. ஆயினும் இதை விளையாட்டென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. லேசர்க் கதிர் தூரம் செல்லச் செல்ல விரிந்து, விமானியின் முன்னுள்ள கண்ணாடியில் சிதறி, அவர் கண்களை மழுங்கச் செய்கிறது. நூற்றுக்கணக்கான உயிர்கள் அவரை நம்பியிருக்கும் அத்தருணத்தில் ஓடுபாதையே புலப்படாது போகலாம்.

சட்டம் இல்லாமலில்லை. விமான நிலையத்து விளக்கென்று மயங்கக்கூடிய வெளிச்சத்தை அணைக்கவோ மறைக்கவோ உடையவருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தை 1937ஆம் வருஷத்து விமான விதிகளே சர்க்காருக்கு அளித்தன. ஆனால் இது ஜனங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காஞ்சிவாசிகள் இதைச் சென்னையின் கவலையென்று எண்ணலாகாது. அண்மையிலுள்ள பரந்தூரில் விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2022இல் வெளியிடப்பட்டது. நிலத்தை இழக்க மறுத்துக் கிளர்ச்சி செய்யும் ஏகனாபுரம் விவசாயிகளின் முறையீடு முதலில் தீர்க்கப்பட வேண்டியது. அது தனி விவகாரம். நிலையம் அமையுமாயின், நமது உற்சவப் பந்தல்களும் கலியாண மண்டபங்களும் விளம்பரப் பலகைகளும் இவ்விதிக்கு உட்படும்.

கோபுர தீபத்தால் விமானத்துக்குக் கேடில்லை. வானை நோக்கிச் சுழலும் லேசர் விளக்கே கேடு. இவ்வித்தியாசத்தை அதிகாரிகள் உணர்ந்து நடக்கவேண்டும். விதிகளைத் தெளிந்த தமிழில் அச்சிட்டு வீதிதோறும் பரப்புக. தெருவிளக்குகளுக்கு மேல்மூடி இடுக. சக்திவாய்ந்த லேசர்க் கருவிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்துக. அறியாத பந்தற்காரனைத் தண்டிப்பதற்கு முன் அறிவிப்பதே நல்லாட்சியின் முதற்கடமையென்பது நமது துணிபு.