ஜீப்புக்கு லட்சம், இழுக்கிற கயித்துக்கு நூறா?

மழை பேஞ்சா போதும், ஏரிக்குள்ள ஜீப்பை இறக்கி உழப்பிட்டு, "அண்ணே, டிராக்டர் கொண்டாங்க"ன்னு வந்து நிப்பீங்க. வர்றோம். ஆனா நீங்க நீட்டுற கயிறைப் பார்த்தாத்தான் வயிறு கலங்குது. கூரைமேல் விளக்குக்கு அத்தனை செலவு பண்ணவங்க, இதை மட்டும் ஏன் சாமி மலிவாப் பார்த்து வாங்குறீங்க?

வண்டி 2 டன்னுன்னா வின்ச் 3 டன்னாவது இழுக்கணும். அதுவும் டிரம்மில் அடிச் சுத்து மட்டும் இருக்கும்போதுதான் முழு பலம். ஷாக்கிளில் எத்தனை டன் தாங்கும்னு பொறிச்சிருக்கணும். பொறிக்காதது கிணத்து வாளிக்குத்தான் ஆகும். டிரெய்லர் மாட்டுற பந்துக் கொக்கியில் கயிறு கோக்கவே கூடாது. ஒடிஞ்சா பீரங்கிக் குண்டுதான். ஆஸ்திரேலியாவில் அப்படி ஆளே செத்திருக்கு. இதுல நீளாத சங்கிலியை மாட்டி, "ஒரு வெட்டு வெட்டி இழுங்கண்ணே"ங்கிறீங்க!

இரும்புக் கம்பிக் கயிறு விறைச்சு நிக்கும்போது அறுந்தா சாட்டையாத் திரும்பும். நடுவுல ஈரச் சாக்கு போடச் சொன்னா சிரிக்கிறீங்க. நீங்க வண்டிக்குள்ள உட்கார்ந்திருப்பீங்க. வெளியே வேடிக்கை பார்த்து நிக்கிறது எங்க பிள்ளைங்க. புளியமரத்துல கம்பியை நேராச் சுத்துறதும் வேண்டாம், அகலப் பட்டை போடுங்க. மரம் எங்க தாத்தா வச்சது.

இனிமே எடை பொறிக்காத ஷாக்கிளோட வந்தா டிராக்டர் சாவி கிடையாது. சேறு காயற வரைக்கும் திண்ணையில் உட்காருங்க, மோர் தர்றோம்.