“தோல்தானே வெந்தது” என்ற பேச்சை விடுவோம்



கண்டாவளைப் பக்கம் யாருக்காவது பெரிய தீக்காயம் என்றால் இரண்டு பேச்சு வரும். முதல் நாள்: “தோல்தானே வெந்தது, ஆள் நல்லாக் கதைக்குது, பயமில்லை.” நாலாம் நாள் மூச்சு முட்டினால்: “காலில பட்ட நெருப்புக்கு நெஞ்சு ஏன் போகுது? ஆஸ்பத்திரியில ஏதோ செய்துபோட்டாங்கள்.”

ஆஸ்பத்திரியில் பிழையே நடக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் காலில் பட்ட நெருப்பு சுவாசப்பைக்குப் போகும். புகை உள்ளே போகாவிட்டாலும் போகும்.

வெண்குழியங்கள் கிருமியோடு போராடும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். உண்மைதான். ஆனால் உடம்பில் பெரும்பகுதி வெந்தால், அவற்றில் நியூத்திரோபில் என்ற வகை இரத்தம் முழுக்க ஒரேயடியாக உசுப்பப்படும். அவை சுவாசப்பையின் மயிர்த்துளைக் குழாய்களில் போய் ஒட்டிக்கொள்ளும். கிருமியைக் கொல்ல வைத்திருந்த நச்சுப் பொருட்களை அங்கே கொட்டும். குழாய்ச் சுவர் கசியும், காற்று நிற்க வேண்டிய சிற்றறைகளில் நீர் நிற்கும். அதே நேரம் கிருமியைத் தேடிப் பிடிக்கும் திறமையும் அவற்றுக்குக் குறைந்துவிடும். அதனால்தான் நியூமோனியா.

இது எங்கள் கற்பனை இல்லை. 1983இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆய்வாளர்கள் எலிகளின் தோலை மட்டும் சுட்டுப் பார்த்தார்கள். சுவாசப்பை பழுதானது. நியூத்திரோபில்களை முன்கூட்டியே குறைத்துவிட்ட எலிகளில் அந்தப் பழுது குறைந்தது.

ஒரு கணக்கு சொல்கிறோம். காயப்பட்டவரின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு அவர் உடம்பில் ஏறத்தாழ 1 வீதம். வளர்ந்தவருக்கு அப்படி 20 கை, பிள்ளைக்கு 10 கை வெந்தால் அது தோல் காயம் இல்லை, முழு உடம்பின் நோய். அதைப் பற்பசையும் முட்டையும் தேங்காயெண்ணெயும் ஆற்றாது. 20 நிமிடம் ஓடும் தண்ணீர் ஊற்றுங்கள். 1990க்கு அழையுங்கள். “நல்லாக் கதைக்குது” என்று சொல்லி மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.

“எல்லாம் விதி” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த மண் இது. குப்பி விளக்கு சரிந்து வெந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர விதி என்று சும்மா இருக்கவில்லை. சரிந்தாலும் உருளாத, திருகு மூடி போட்ட கட்டை விளக்கைச் செய்தார். 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தபோதும், 2022இல் வீட்டுக்குள் பெற்றோல் கான்களை அடுக்கியபோதும் நாம் அவரிடம் எதையும் படிக்கவில்லை என்றே தெரிந்தது.

மேடைக்கு வருகிறவர்களிடம் வீதியும் மதகும் மட்டும் கேட்காதீர்கள். மோசமாக வெந்த ஒரு பிள்ளைக்கு மூச்சுக் கருவியோடு ஒரு கட்டில், அதை இயக்கத் தெரிந்த ஆள், இரண்டும் வன்னியில் இரவு இரண்டு மணிக்கும் இருக்குமா என்று கேளுங்கள். கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால். அந்தப் பிள்ளையின் சுவாசப்பை ஏ9 வீதி முடியும்வரை காத்திருக்காது.