பைபிளால் வல்லரசா? குழுக்களில் சுற்றும் செய்திக்கு என் பதில்



நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே வாரத்தில் ஒரே செய்தி வந்தது. அமெரிக்கா பைபிளை அரசாங்கத்தின் அஸ்திவாரமாக வைத்ததாம், பள்ளிக்கூடத்தில் ஜெபம் சொல்லிக்கொடுத்ததாம், அதனால் வல்லரசு ஆனதாம். நாம்தான் மதச்சார்பின்மை என்று பேசிப் பின்தங்கிவிட்டோமாம். ஆகவே நம் பள்ளிகளிலும் அரசாங்கமே மதத்தைக் கொண்டுவர வேண்டுமாம். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக. அனுப்பியவர்களில் சிலர் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு நடுநிலைப் பள்ளியில் காலமெல்லாம் சமூக அறிவியல் நடத்தியவள். ஓய்வுக்குப் பிறகு நேரம் இருக்கிறது, படிக்கிறேன். இது நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் அஸ்திவாரம். 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களும், பத்து வருடம் கழித்துப் பாஸ்டன் பக்கம் குடியேறிய பியூரிட்டன்களும் வழிபாட்டுச் சுதந்திரம் தேடி வந்தார்கள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் தேடியது தங்களுக்கான சுதந்திரத்தை. அடுத்தவனுக்கு அதைக் கொடுக்கவில்லை. ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகர், ஒருவனுடைய மனசாட்சிக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு என்ன வேலை என்று கேட்டார். 1635இல் ஊரைவிட்டு வெளியேற்றத் தீர்ப்பு வந்தது. 1636 ஜனவரிப் பனியில் தப்பிப்போய், பிறகு ப்ராவிடன்ஸ் என்ற ஊரை உண்டாக்கினார். மேரி டயர் என்ற குவேக்கர் பெண்மணிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. வரக்கூடாது என்று விரட்டிய ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்ததற்காக 1660இல் பாஸ்டனில் தூக்கில் போட்டார்கள். போட்டவர்களும் பைபிளை வாசித்தவர்கள்தான், தொங்கியவரும் பைபிளை வாசித்தவர்தான். மதம் அரசாங்கத்தின் கையில் இருந்த அமெரிக்கா இப்படித்தான் இருந்தது. குழுவில் வந்த செய்தி ஏங்குவது இந்த அமெரிக்காவுக்கா?

அரசியல் சட்டத்துக்கு வருவோம். 1787இல் எழுதிய மூலச் சட்டம் மதத்தைப் பற்றி நேரடியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: எந்தப் பதவிக்கும் மதச் சோதனை வைக்கக்கூடாது. 1791இல் சேர்த்த முதல் திருத்தம், எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவச் சட்டம் போடக்கூடாது, மத வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்றது. பைபிள் எங்கே அதில்?

இதை நாத்திகர்கள் கொண்டுவந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். அரசாங்கத்தையும் சபையையும் பிரித்து வை என்று முன்வரிசையில் நின்று கேட்டவர்களில் பக்தி முற்றிய புராட்டஸ்டண்டுகள் இருந்தார்கள், முக்கியமாக பாப்டிஸ்டுகள். வர்ஜீனியாவில் இங்கிலாந்துத் திருச்சபைதான் அரசுச் சபை. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்த பாப்டிஸ்ட் போதகர்களை அங்கே சிறையில் அடைத்தார்கள். அதைப் பார்த்துக் கொதித்த இளைஞர்களில் ஒருவர் ஜேம்ஸ் மேடிசன். 1784இல் கிறிஸ்தவப் போதகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வரி போடலாம் என்று ஒரு மசோதா வந்தது. பார்வைக்கு நல்ல மசோதா, எல்லாச் சபைக்கும் பங்கு உண்டு. மேடிசன் எதிர்த்து எழுதினார், பாப்டிஸ்டுகள் மனு மேல் மனு போட்டார்கள், மசோதா செத்தது. 1786இல் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் அங்கே நிறைவேறியது.

இன்னொரு சம்பவம் சொல்ல வேண்டும், வகுப்பில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். கனெக்டிகட் மாநிலத்தில் காங்கிரிகேஷனல் சபைக்கு மக்கள் வரி கட்ட வேண்டும். பாப்டிஸ்ட் என்று சான்று கொடுத்தால்தான் விலக்கு. டான்பரி ஊர்ப் பாப்டிஸ்டுகள் இதைப் பற்றி ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு எழுதினார்கள். 1802 ஜனவரி 1 அன்று அவர் எழுதிய பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்ற புகழ்பெற்ற பேச்சு வருகிறது. அதே நாள், மாசசூசெட்ஸின் செஷயர் ஊர்ப் பாப்டிஸ்டுகள் சார்பில் ஜான் லேலண்ட் என்ற போதகர் அவருக்கு ஒரு பாலாடைக் கட்டியைப் பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். எடை 1,235 பவுண்டு, அதாவது 560 கிலோ! ஆசாரமான மதவாதிகள் பலர் நாத்திகன் என்று திட்டிய ஜனாதிபதிக்கு ஒரு போதகர் இதைக் கொடுத்தார். ஏன்? தன் சபையை அரசாங்கம் தொடாமல் இருந்தால் போதும் என்பதற்காக.

தொடாமல் விட்டதும் என்ன ஆனது? சபைகள் வாடிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. லைமன் பீச்சர் என்ற போதகர் அவர்களில் ஒருவர். 1818இல் கனெக்டிகட் அந்த வரியை ஒழித்தபோது உலகமே முடிந்துவிட்டது போல உடைந்துபோனார். பிற்காலத்தில் அவரே நினைவுக் குறிப்பில் எழுதினார், தன் மாநிலத்துக்கு நடந்த மிக நல்ல காரியம் அதுதான் என்று. அரசாங்க ஆதரவு போனதால் சபைகள் தங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டிவந்தது, சங்கங்கள், மிஷன்கள், எழுப்புதல் கூட்டங்கள் எல்லாம் அதனால் பெருகின என்றார். மெதடிஸ்ட் போதகர்கள் குதிரையில் ஏறிக் காட்டுக்குள் இருந்த குடியிருப்புகளுக்குப் போனார்கள். 1776இல் சில ஆயிரம் பேராக இருந்த மெதடிஸ்டுகள் 1850க்குள் அங்கே மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபை ஆனார்கள். வரிப்பணம் ஒரு காசு கிடையாது.

நம் பக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் வந்த அமெரிக்க மிஷனை அனுப்பியது அந்நாட்டு அரசாங்கம் இல்லை. சபையார் காணிக்கை போட்டு நடத்திய சங்கம் அனுப்பியது. 1862இல் வந்த வின்ஸ்லோ தமிழ் அகராதியை நம்மில் தமிழாசிரியர்கள் அறிவார்கள். அவரும் அந்த மிஷன்காரர்தான்.

பீச்சரை விட்டுவிடப் போவதில்லை, அவர் கதை இன்னும் இருக்கிறது. 1834 ஆகஸ்டில் பாஸ்டனில் கத்தோலிக்கர்களுக்கு எதிராகக் காரசாரமாகப் பிரசங்கம் செய்தார். அடுத்த நாள் இரவு பக்கத்து ஊரான சார்ல்ஸ்டவுனில் கன்னியர் மடத்தைக் கும்பல் கொளுத்தியது. பிரசங்கம் கேட்டவர்கள்தான் கொளுத்தினார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் காற்றில் விஷம் கலந்தவர்களில் அவரும் ஒருவர். எரிந்த மடத்தில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் இருந்தது. படித்த பிள்ளைகளில் பலர் புராட்டஸ்டண்ட் வீட்டுப் பிள்ளைகள்! இதே மனிதரின் மகள்தான் 1852இல் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதி அடிமை முறைக்கு எதிராக ஒரு நாட்டையே உலுக்கிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ். ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டும் இருந்தன. அதனால்தான் புராட்டஸ்டண்ட் மதம் அமெரிக்காவை உயர்த்தியது என்று ஒருவர் ஒரே வரியில் எழுதினாலும் சரி, கெடுத்தது என்று எழுதினாலும் சரி, எனக்குச் சிவப்பு மை எடுக்கத் தோன்றுகிறது.

இப்போது பள்ளிக்கூடத்தில் ஜெபம். நான் ஆசிரியை, இந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வரும்.

அங்கே பள்ளிக்கல்விக்குப் புராட்டஸ்டண்டுகள் செய்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1647இலேயே மாசசூசெட்ஸில் சட்டம்: 50 குடும்பம் இருக்கிற ஊர், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும். வேதத்தைத் தானே வாசிக்கத் தெரியாதவனைச் சாத்தான் ஏமாற்றிவிடுவான் என்பது காரணம். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், ஆசிரியர் வந்தாரா இல்லையா? வணங்குகிறேன்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கர்கள் கூட்டம் கூட்டமாக வந்தபோது பொதுப்பள்ளி யாருடையது என்ற கேள்வி வந்தது. பள்ளியில் தினமும் வாசித்தது கிங் ஜேம்ஸ் பைபிள், அதாவது புராட்டஸ்டண்டுகளின் மொழிபெயர்ப்பு. ஃபிலடெல்ஃபியாவில் கத்தோலிக்க ஆயர், எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்க விடுங்கள் என்று கேட்டார். எவ்வளவு சின்னக் கோரிக்கை! 1844இல் அதிலிருந்து கிளம்பிய கலவரத்தில் தேவாலயங்கள் எரிந்தன, பலர் செத்தார்கள். 1859இல் பாஸ்டனில் எலியட் பள்ளி. தாமஸ் வால் என்ற கத்தோலிக்கப் பையன், பத்து வயது இருக்கும். பத்துக் கட்டளைகளைப் புராட்டஸ்டண்ட் முறையில் ஒப்பிக்க மாட்டேன் என்றான். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் அந்தப் பத்தை எண்ணுவதே வேறு வேறு வரிசையில். வீட்டில் சொல்லிக்கொடுத்தது ஒன்று, பள்ளியில் கேட்பது ஒன்று. ஆசிரியர் பிரம்பால் அவன் கையில் அரை மணி நேரம் அடித்தார். வழக்குப் போட்டார்கள். ஆசிரியர்மேல் தப்பில்லை என்று தள்ளுபடி ஆனது.

பிள்ளைகளே, ஜெபம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று குழுவில் கைகூப்புகிறீர்களே, அந்தப் பையனின் உள்ளங்கையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இரு தரப்பும் கும்பிட்டது ஒரே இயேசுவைத்தான். ஒரே மதத்துக்குள்ளேயே இப்படி என்றால், பல மதம் இருக்கிற வகுப்பில் அரசாங்கம் எந்த ஜெபத்தைத் தேர்ந்தெடுக்கும்? பெரும்பான்மையின் ஜெபத்தைத்தான். பிறகு ஒரு பிள்ளை வாய்மூடி நிற்கும், வகுப்பே அதைத் திரும்பிப் பார்க்கும்.

1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. நியூயார்க் மாநிலக் கல்வி அதிகாரிகள் யார் மனமும் நோகக்கூடாது என்று 22 வார்த்தையில் பொதுவான ஜெபம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜெபம் எழுதுவது அரசாங்கத்தின் வேலை இல்லை என்றது நீதிமன்றம். மாணவன் தானாக ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. அங்கே இருக்கும் தேசிய உறுதிமொழி தெரியுமா? 1892இல் அதை எழுதிய ஃபிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். அவர் எழுதியதில் கடவுள் பெயர் இல்லை! 1954இல் அரசியல்வாதிகள்தான் சேர்த்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, மதமே வேண்டாம் என்று டீச்சரும் சொல்லிவிட்டார் என்று பகுத்தறிவு பேசும் என் மாணவர் ஒருவர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார், தெரியும். கொஞ்சம் பொறு தம்பி. தெற்கு மாநில பாப்டிஸ்டுகள் 1845இல் தனியாகப் பிரிந்தது, அடிமை வைத்திருப்பவன் மிஷனரியாகப் போகலாம் என்ற பிடிவாதத்தால்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க 1995 வரை 150 வருடம் எடுத்துக்கொண்டார்கள். நானே சொல்கிறேன். ஆனால் ஃபிலடெல்ஃபியாவில் வெள்ளையர் சபையில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை முழங்காலிலிருந்து இழுத்து எழுப்பியபோது, வெளிநடப்புச் செய்து தனிச் சபை கண்ட ரிச்சர்ட் ஆலனும் மெதடிஸ்ட்தான். அவர்களுடைய ஆஃப்ரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை 1816இல் அமைந்தது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய சுயசரிதையில், கிறிஸ்துவின் மார்க்கம் வேறு, இந்த நாட்டின் மார்க்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார். மார்ட்டின் லூதர் கிங்கும் பாப்டிஸ்ட் போதகர்தான். 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம், பொறுமையாக இரு என்று புத்தி சொன்ன வெள்ளை மதகுருக்களுக்கு எழுதியது. கறுப்பினத்தவருக்கு அந்த நாட்டில் கையில் இருந்த சொந்த இடம் சபை ஒன்றுதான். அங்கேதான் கூடினார்கள், பேசப் பழகினார்கள், காசு சேர்த்தார்கள். மதத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு அமெரிக்க வரலாறு எழுத முடியாது.

கிங்கும் சட்டம் கேட்டாரே, அது மதத்தை அரசியலில் கலப்பதில்லையா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவர் கேட்டது எல்லா மனிதனுக்கும் உரிமை. தன் சபைக்கு நாற்காலி கேட்கவில்லை.

சட்டத்தைப் பிடித்துச் சபைகள் ஜெயித்த ஒரு பெரிய வெற்றி மதுவிலக்கு. குடிகாரக் கணவனிடம் அடிபட்ட பெண்களின் கண்ணீர் அதற்குப் பின்னால் இருந்தது, அதை நான் மதிக்கிறேன். 1920இல் அமலுக்கு வந்தது, 1933இல் போயே போய்விட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இப்போது நிலைமை என்ன? பியூ ஆய்வு மையக் கணக்கில் 2007இல் அமெரிக்கப் பெரியவர்களில் 51 சதவீதம் புராட்டஸ்டண்டுகள். 2023-24இல் 40. எந்த மதமும் இல்லை என்பவர்கள் 16இலிருந்து 29 ஆகிவிட்டார்கள். காரணங்கள் பல இருக்கும். 1979இல் மாரல் மெஜாரிட்டி என்ற அமைப்பு தொடங்கியதிலிருந்து சபை என்றால் ஒரு கட்சி என்ற பெயர் விழுந்துவிட்டது, இளைஞர்கள் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சில சமூகவியலாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. அதற்கு மருந்தாக என்ன செய்கிறார்கள்? 2024இல் லூயிசியானாவும் 2025இல் டெக்சாஸும் அரசுப்பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டன. அதே பத்துக் கட்டளை! இரண்டும் நீதிமன்றத்துக்குப் போயின. லூயிசியானாவில் வழக்குப் போட்ட பெற்றோர்களில் ஒரு பிரஸ்பிடேரியன் போதகரும் உண்டு.

டெக்சாஸில் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இதைப் படிப்பீர்கள். உங்கள் மகன், மகள் வகுப்பில் அந்தப் பலகை மாட்டியிருக்கிறதா, வீட்டில் பிள்ளையார் கும்பிடுகிற பிள்ளை அதைப் பற்றி உங்களிடம் என்ன கேட்டது என்று கீழே எழுதுங்கள். குழுவில் அடுத்த செய்தியை அனுப்புவதற்கு முன்னால் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன். தமிழிலேயே எழுதுங்கள், தங்கிலீஷ் படித்தால் கண் வலிக்கிறது.