போலீஸ் வண்டி வந்ததும் தியேட்டர் ஏன் பதறியது? - நிறவெறி மீதான கோபத்தைச் சொல்லும் ஹாரர் படங்கள்

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: சில படங்களின் முடிவுகள் இதில் சொல்லப்பட்டுள்ளன.)

'கெட் அவுட்' (2017) படத்தின் கடைசிக் காட்சி. காதலியின் வீட்டிலிருந்து எப்படியோ தப்பித்து, உடம்பெல்லாம் ரத்தத்தோடு நடுரோட்டில் இருக்கிறான் கறுப்பின இளைஞன் கிறிஸ். அவனைக் கொல்லப் பார்த்த வெள்ளைக்காரக் காதலி பக்கத்தில் குண்டடிபட்டுக் கிடக்கிறாள். அப்போது, சுழல்விளக்கோடு ஒரு கார் வந்து நிற்கிறது. கிறிஸ் மெதுவாகக் கைகளைத் தூக்குகிறான்.

சாதாரண பேய்ப் படமாக இருந்தால், போலீஸ் வந்ததும் 'அப்பாடா, தப்பிச்சாச்சு' என்று ரசிகர்கள் மூச்சு விடுவார்கள். இங்கே 'போச்சு, இனி இவன் காலி' என்றுதான் நெஞ்சு பதறுகிறது. நிறவெறி பற்றி ஒரு வசனம்கூட அந்த நொடியில் இல்லை. ஆனால், போலீஸைப் பார்த்ததும் அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு வரும் பயம், தோல் நிறம் என்னவாக இருந்தாலும் பார்ப்பவர் எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

ஹாரர் படத்தின் பலமே இதுதான். நிறவெறியைப் பற்றிய சோகப் படம் பார்ப்பவரிடம் இரக்கத்தைக் கேட்கிறது. 'பாவம்' என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம். ஹாரர் படம் அப்படி வெளியே நிற்க விடுவதில்லை. பாதிக்கப்பட்டவனின் இடத்திலேயே உட்கார வைத்துவிடுகிறது.

யார் பேய்?

ஹாலிவுட்டில் இது ரொம்ப நாள் தலைகீழாகத்தான் இருந்தது. 1915-ல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' ஹாரர் படம் அல்ல. ஆனால், வெள்ளைக்காரப் பெண்ணைத் துரத்தும் பூதமாகக் கறுப்பின ஆணைக் காட்டியது. கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலை ஹீரோ ஆக்கியது. செத்துக் கிடந்த அந்த அமைப்பு அதே ஆண்டில் மறுபடி உயிர்பெற்றது. பிறகு வந்த ஹாரர் படங்களில் கறுப்பினத்தவர் என்றால் பயந்து ஓடும் காமெடியன், இல்லையென்றால் சீக்கிரம் சாகிற ஆள்.

'கெட் அவுட்' இயக்குநர் ஜோர்டன் பீல் இதைத் திருப்பிப் போட்டார். அவர் காட்டும் பூதங்கள் முகமூடி போட்டவர்கள் அல்ல. படித்த, பண்பான வெள்ளைக்காரக் குடும்பம். 'ஒபாமாவுக்கு மூன்றாவது முறையும் ஓட்டுப் போட்டிருப்பேன்' என்று பெருமையாகச் சொல்லும் அப்பா. ஆனால், வீட்டுத் தோட்டத்தில் பிங்கோ விளையாட்டுபோல அமைதியாக நடப்பது கிறிஸின் உடலுக்கான ஏலம். அடிமைச் சந்தை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கிறிஸ் தப்பிப்பது எப்படி? கட்டிப்போட்ட நாற்காலியின் கைப்பிடியிலிருந்து பஞ்சைப் பிய்த்துக் காதில் அடைத்துக்கொள்கிறான். அவன் முன்னோர்களை அடிமைகளாக்கி வயலில் பறிக்க வைத்த அதே பஞ்சு.

49 ஆண்டுகள், இரண்டு முடிவுகள்

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). ஜாம்பிகளிடமிருந்து ராத்திரி முழுக்கப் போராடி உயிரோடு மிஞ்சுகிறான் பென். காலையில், துப்பாக்கியோடு வரும் வெள்ளைக்காரக் கும்பல் அவனையும் ஜாம்பி என்று சுட்டுவிடுகிறது. உடலைக் கொக்கியால் இழுத்து நெருப்பில் போடுகிறார்கள். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸைத் தேர்ந்தெடுத்தது நன்றாக நடித்ததால்தான் என்று ரொமேரோ சொன்னார். ஆனால், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆறு மாதத்தில் வந்த படத்தை அமெரிக்கா வெறும் ஜாம்பி கதையாகப் பார்த்திருக்க முடியாது.

பீலும் முதலில் இப்படி ஒரு முடிவைத்தான் எடுத்திருந்தார். நிஜ போலீஸ் வருகிறது. கிறிஸ் ஜெயிலுக்குப் போகிறான். 'ஒபாமா வந்துட்டார், நிறவெறி முடிஞ்சுபோச்சு' என்று பேசிக்கொண்டிருந்த காலத்துக்கான அறை அது. படம் வெளியாகும் நேரத்தில் நிலைமை மாறியிருந்தது. போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான கறுப்பினத்தவர் பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது. மக்களுக்கு இப்போது ஒரு ஜெயிப்பு வேண்டும் என்று நினைத்த பீல், முடிவை மாற்றினார். காரிலிருந்து இறங்குவது கிறிஸின் நண்பன். பதறிய நெஞ்சுக்குப் பிறகு வரும் அந்தக் கைதட்டலிலும் கோபம் இருக்கிறது.

சுமார் 45 லட்சம் டாலரில் எடுத்த படம் உலக அளவில் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வென்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார் பீல். கோல்டன் குளோப் விருதில் இதை 'காமெடி' பிரிவில் சேர்த்தபோது, 'இது ஆவணப்படம்' என்று ட்விட்டரில் ஒரே வரியில் பதில் சொன்னார்.

காயத்தைக் காட்டினால் போதுமா?

வெற்றி வந்தால் நகலும் வரும். 'ஆன்ட்டிபெல்லம்' (2020) படமும், 'தெம்' (2021) தொடரும் கறுப்பினத்தவர் சித்திரவதைப்படுவதையே காட்சிப்பொருள் ஆக்கிவிட்டன என்று விமர்சிக்கப்பட்டன. அந்த விமர்சனம் நியாயமானது. அடி வாங்குவதை மட்டும் நீளமாகக் காட்டினால், பயப்பட வேண்டியவர்கள் வசதியாக வேடிக்கை பார்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களோ அதே வலியை டிக்கெட் வாங்கி மறுபடி அனுபவிக்கிறார்கள். அதில் கோபம் எங்கே இருக்கிறது?

ரையன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' (2025) இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட படம். 1932-ன் மிசிசிப்பி. இரட்டைச் சகோதரர்கள் திறக்கும் ஆட்டம்பாட்டக் கூடத்தின் வாசலில் ரத்தக்காட்டேரி வந்து நிற்கிறது. 'எங்களோடு சேருங்கள், இங்கே எல்லோரும் சமம்' என்கிறது. அதற்கு வேண்டியது அவர்களுடைய இசை. கதையின் பிற்பாதியில் காட்டேரிகளோடுதான் சண்டை. ஆனால், விடிந்ததும் காட்டேரிகள் எரிந்துபோகின்றன. விடிந்த பிறகு வருவது க்ளான் கும்பல். சூரிய வெளிச்சம் அவர்களை ஒன்றும் செய்வதில்லை. அவர்களை எதிர்த்து நிற்க ஸ்மோக் துப்பாக்கியை எடுக்க வேண்டியிருக்கிறது.