பழைய கார் வாங்குகிறீர்களா? பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

நம் பாட்டனார் மாடு வாங்கிய கதையை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சந்தைக்குப் போனவுடன் அவர் மடியில் இருந்த பணத்தை எடுக்க மாட்டார். மாட்டைச் சுற்றிச் சுற்றி வருவார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்.

அவருடைய பேரன் இன்று பழைய கார் வாங்கப் போகிறான். என்ன பார்க்கிறான்? நிறத்தைப் பார்க்கிறான். பாட்டுப் பெட்டியைப் பார்க்கிறான். செல்போனில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்புகிறான். "காலையில்கூட ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார்" என்று தரகர் சொன்னதும், அட்வான்ஸை எடுத்து நீட்டிவிடுகிறான்.

மாடு வாங்கத் தெரிந்த குடும்பத்துக்குக் கார் வாங்கத் தெரியாதா? தெரியும். பொறுமைதான் வேண்டும்.

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கார் என்பது இன்று பணக்காரர் வீட்டுப் பொருள் அல்ல. கம்பத்திலிருந்து தேனிக்குத் தினமும் வேலைக்கு வருகிறவர் இருக்கிறார். சின்னமனூரில் வாழை போட்டவரும், கூடலூரில் திராட்சை போட்டவரும் நினைத்த நேரத்தில் தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் தாயாருக்கு மூச்சு முட்டினால், கானாவிலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். புதுக் கார் வாங்க எல்லோராலும் முடியாது. பழைய கார் வாங்குவதில் தவறு இல்லை. ஏமாந்து வாங்குவதுதான் தவறு.

விலை வேறு, செலவு வேறு

முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

தேனிக்கும் கம்பத்துக்கும் சுமார் 40 கிலோமீட்டர். போக வர 80. மாதத்தில் 25 நாள் போனால் 2,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால், மாதம் 12,500 ரூபாய் ஆகும். 12 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால், 16,667 ரூபாய் ஆகும். வருஷத்துக்கு வித்தியாசம் 50,000 ரூபாய்!

பெரிய கார் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம், இரண்டு வருஷத்தில் பெட்ரோல் பங்கில் போய்விடும்.

டீசல் கார் மைலேஜ் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி நீண்ட தூரம், நல்ல வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பிறகு செலவுதான். ஆகவே குறைந்த தூரம் போகிறவர்களுக்குப் பெட்ரோல் கார் நல்லது.

இன்னொரு யோசனை. கையில் மூன்று லட்சம் இருந்தால், இரண்டரை லட்சத்துக்குக் கார் பாருங்கள். மீதி ஐம்பதாயிரம் டயருக்கும் பேட்டரிக்கும் இன்சூரன்ஸுக்கும் வேண்டும். கடைசி ரூபாய் வரை விலைக்குக் கொடுத்துவிட்டு, டயர் வாங்க மனைவியின் நகையை அடகு வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

புதுக் காரின் இன்றைய விலையையும் விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் விலையும் இறங்கத்தானே வேண்டும்? "நான் வாங்கும்போது ஐந்து லட்சம்" என்று விற்பவர் சொல்வார். அவர் வாங்கிய விலை நமக்குக் கணக்கு அல்ல.

ஊரில் ஓடும் காரை வாங்குங்கள்

மாருதி ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10 போன்ற கார்கள் நாடெங்கும் பெருவாரியாக ஓடுகின்றன. அவற்றின் சாமான்கள் சிறிய ஊரிலும் கிடைக்கும். பெரும்பாலான மெக்கானிக்குகளுக்கு அந்த என்ஜின் பழக்கம்.

செவ்ரோலே கார் விற்பனை இந்தியாவில் 2017-ல் நின்றது. ஃபோர்டு கம்பெனி இங்கே கார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021-ல் அறிவித்தது. அந்தக் கார்கள் கெட்டவை அல்ல. விலையும் குறைவாக இருக்கும். ஆனால் தினம் வேலைக்குப் போகிறவர், சாமான் வரும் வரை காத்திருக்க முடியுமா? உங்கள் மெக்கானிக்கைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓட்டுநரின் உயிரைக் காக்கும் காற்றுப் பை 2019 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது. பணம் கொஞ்சம் கூடினாலும் அதற்குப் பிறகு வந்த காரைப் பார்ப்பது மேல். மலைப்பாதையும் வளைவும் உள்ள ஊர் நம்முடையது.

விடியற்காலையில் போங்கள்

இரவில் கார் பார்க்காதீர்கள். மழையில் பார்க்காதீர்கள். ஈரமான காரில் எந்தக் குறையும் தெரியாது. விடியற்காலையில் போங்கள். முன்மூடியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே என்ஜினை ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

புகையைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். அதன் அடியில் பால் காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், அந்தக் கார் வேண்டாம்.

டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். இதுதான் காரின் பல்!

மீட்டர் 40,000 காட்டுகிறதா? நம்பிவிடாதீர்கள். வருஷத்துக்குப் பத்தாயிரம் ஓடினாலே பத்து வருஷத்தில் ஒரு லட்சம் ஆகும். மீட்டரைத் திருத்தலாம். தேய்ந்துபோன மிதியையும், வழவழப்பான ஸ்டீயரிங்கையும், அமுங்கிய சீட்டையும் திருத்துவது கஷ்டம். சர்வீஸ் செய்த ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மலை ஏற்றிப் பாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்திலேயே மலை இருக்கிறது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் பாதை போதும். போடிக்காரர்களுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள போடிமெட்டுப் பாதை இருக்கிறது. விற்பவரையும் உட்கார வைத்துக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டு ஏறிப் பாருங்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

என்ஜின் உறுமுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. சூட்டைக் காட்டும் முள் மேலே போகிறதா என்று கவனியுங்கள். இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். தேனியின் நேர்ச்சாலையில் தெரியாத நோய் மலையில் தெரிந்துவிடும்.

நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்கு அரை நாள் கூலி கொடுங்கள். அது வீண் செலவு அல்ல. ஆனால் ஒன்று: விற்பவரோ தரகரோ கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. 2018 ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளத்திலும் மூழ்கின. அப்படி மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்து விற்பதும் உண்டு. மின்சாரக் கம்பிகளில் ஏறிய துரு உடனே தெரியாது. நடுவழியில் நிற்கும்போதுதான் தெரியும்.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; அடியில் சேற்றுக் கறை இருக்கும். கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டை இறுக்கிய போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

மலைக்கு அப்பால் கே.எல். எண் கார் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். கேரள அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே வந்து தமிழ்நாட்டு வரி கட்டி, டி.என். 60 என்று தேனி எண் வாங்க வேண்டும். அதையெல்லாம் சேர்த்த பிறகும் மலிவாக இருந்தால் வாங்குங்கள்.

புத்தகத்தைப் படியுங்கள்

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். நீங்கள் காரில் அடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அரசாங்கத்தின் 'எம்பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், இன்சூரன்ஸ் எது வரை, கடன் இருக்கிறதா என்பது தெரியும். அபராத பாக்கி இருக்கிறதா என்பதையும் செல்போனிலேயே பார்த்துவிடலாம். கடன் இருந்தால், அது தீர்ந்தது என்ற கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். இல்லாவிட்டால் கார் உங்களுடையது, கடன் வங்கியுடையது என்று ஆகிவிடும்.

சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான் செல்லும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. பசுமை வரியும் உண்டு. 14 வருஷக் காரை மலிவாக வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பெயர் மாறாத கார் யாருடையது?

இதுவரை சொன்னது வாங்குகிறவர்களுக்கு. இனிச் சொல்வது விற்கிறவர்களுக்கும் சேர்த்து.

"நமக்குத் தெரிந்தவர்தானே, சொந்தக்காரர்தானே" என்று நினைத்து, படிவம் 29-லும் 30-லும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். பணம் வந்தது, கார் போனது, விஷயம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குகிறோம்.

விஷயம் முடியவில்லை!

வட இந்தியாவில் ஒருவர் 2007-ல் தம் வாகனத்தை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் வேறொருவருக்கு விற்றார். ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் அந்த வாகனம் விபத்தில் சிக்கி உயிர் போயிற்று. நஷ்டஈடு யார் கொடுப்பது? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. "பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு" என்பது தீர்ப்பின் சாரம். காரை விற்று இரண்டு வருஷம் ஆனவர் தலையில் பாரம் விழுந்தது.

வாங்கியவருக்கும் ஆபத்து உண்டு. இன்சூரன்ஸைத் தம் பெயருக்கு மாற்றாதவர், கார் சேதத்துக்குப் பணம் கேட்டால் கம்பெனி மறுக்கலாம். விபத்து நடந்த பிறகு பழைய சொந்தக்காரரைத் தேடி அலைய முடியுமா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளில் எழுத வேண்டும். விற்றவர் சேர்த்து வைத்த 'நோ கிளெய்ம்' சலுகை அவருடையது, காரோடு வராது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். பெயர் மாற்ற மனுவை இரண்டு பேரும் சேர்ந்து கொடுங்கள். அதற்கான ரசீது கைக்கு வந்ததும் மீதிப் பணத்தைக் கொடுங்கள். இது அவநம்பிக்கை அல்ல. இரண்டு குடும்பத்துக்கும் பாதுகாப்பு. நல்ல மனிதர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அந்தக் காரையே விட்டுவிடுங்கள்.

துண்டுக்கு அடியில் விலை பேசியது பாட்டனார் காலம். அன்று மாட்டுக்குப் புத்தகம் இல்லை, வாய்ச்சொல் போதும். இன்று காருக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் ஏறாத வரை, வாசலில் நிற்பது அடுத்தவர் கார்தான்.