பூங்காவும் காண்டிராக்ட், சுடுகாடும் காண்டிராக்டா?

நகரசபை என்று ஒன்று எதற்காக இருக்கிறது? தெருவைக் கூட்ட, விளக்கு எரிய வைக்க, குடிதண்ணீர் விட, பிள்ளைகள் ஓடியாடப் பூங்கா வைக்க, கடைசியில் கண்மூடியவனை அடக்கம் செய்ய ஆறடி நிலம் காட்ட. இதற்காகத்தான் வரி கட்டுகிறோம். இந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் காண்டிராக்டரின் கையில் கொடுத்துவிட்டால் நகரசபையிடம் மிஞ்சுவது என்ன? வரி நோட்டீசும் மேயரின் அங்கியும்தான்!

2021 நவம்பர் 3-ம் தேதி தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். பத்தையும் ஒன்றாய்க் கட்டி 70 வார்டுகளாக்கினார்கள். தோல் ஷெட்டுகளின் ஊர், நெசவாளிகளின் ஊர், ஏற்றுமதி வளாகத் தொழிலாளிகளின் ஊர் எல்லாம் ஒரு குடைக்கீழ் வந்தன. ஊர் பெருத்தால் ஊழியரும் பெருக வேண்டும் என்பது பாமரன் கணக்கு. சர்க்கார் கணக்கு வேறு. ஒரு வருஷம் முடிவதற்குள், 2022 அக்டோபர் 20-ல், அரசாணை 152 வந்தது. சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகளின் பணியிடங்களை அது மாற்றி அமைத்தது. நகராட்சிகளுக்கு அதே மாதத்தில் அரசாணை 139. இதற்குச் ‘சீரமைப்பு’ என்று பெயர் சூட்டினார்கள். சாரம் என்ன? மேல்படியில் உத்தியோகஸ்தர் நிரந்தரம். கீழ்ப்படியில் மண்வெட்டியும் துடைப்பமும் பிடிப்பவர் வெளி ஏஜென்சியின் ஆள்.

இடதுசாரித் தொழிற்சங்கங்கள் இந்த ஆணைகளை எதிர்த்து வீதிக்கு வந்தன. அப்போது கோட்டையில் இருந்தது, 2021 தேர்தலில் நாம் எந்த அணியில் நின்றோமோ அந்த அணியின் சர்க்கார்தான். அதனால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? தேர்தலில் ஒரே மேடையில் நிற்பது ஒன்று. தொழிலாளியின் பெயரை மஸ்டர் ரோலிலிருந்து அடிப்பதற்கு விளக்குப் பிடிப்பது வேறொன்று. இரண்டாவது காரியத்துக்கு நாம் ஆளல்ல.

காண்டிராக்ட் என்ற இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதை மில் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. டெண்டரில் குறைந்த தொகை கேட்டவன் ஜெயிக்கிறான். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் அவனால் மிச்சம் பிடிக்க முடியாது. தகன மேடைக்கு வேண்டிய கேஸிலும் முடியாது. மிச்சம் பிடிக்கக்கூடிய சரக்கு ஒன்றே ஒன்று: ஆளின் கூலி. பத்துப் பேர் வேலையை ஏழு பேரை வைத்து முடிப்பான். சேமநல நிதிக்குப் பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று கேட்டால் ஆபீசைக் காட்டுவான். ஆபீசில் கேட்டால் காண்டிராக்டரைக் காட்டுவார்கள். உள்ளாட்சித் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்து 2017 அக்டோபர் 11-ல் சர்க்காரே அரசாணை 62 வெளியிட்டது. அதில் சொன்ன கூலியைக் கொடு என்று கேட்கவே ஊருக்கு ஊர் போராட வேண்டியிருக்கிறது!

சில வருஷங்களில் காண்டிராக்டர் மாறுவான். தொழிலாளி அதே தொழிலாளி, வேலை அதே வேலை, சர்வீஸ் மட்டும் முதல் நாளிலிருந்து. கிராஜுவிட்டி கேட்டால், “நீ என்னிடம் நேற்றுத்தானே சேர்ந்தாய்?” என்கிறான். பக்கத்துச் சென்னையின் குப்பைச் சரித்திரத்தைப் பாருங்கள். 2000-ல் ஓனிக்ஸ், 2007-ல் நீல் மெட்டல், 2012-ல் ராம்கி, 2020-ல் அர்பேசர் சுமீத். கம்பெனிகள் வந்தன, போயின. துடைப்பம் பிடித்த கை மாறவில்லை. 2025-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போயின. ஏறத்தாழ 2,000 பேர் தெருவுக்கு வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கி வந்தவர்களுக்குச் சுமார் 17,000 என்றார்கள். ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மறுநாள் மந்திரிசபை கூடி, தூய்மைப் பணியாளருக்குக் காலைச் சிற்றுண்டி இலவசம் என்றது. நாம் கேட்டது வேலை, கிடைத்தது இட்லி!

துடைப்பத்தில் ஆரம்பித்தது கத்தரிக்கோலையும் கடப்பாரையையும் விடுமா? பூங்காத் தோட்டக்காரருக்கும் மயானத் தொழிலாளிக்கும் அதே வழியைத்தான் போட்டிருக்கிறார்கள். தோட்டவேலை யாரும் செய்யக்கூடிய வேலை என்று குளிர்சாதன அறையிலிருப்பவர் நினைக்கலாம். 2016 டிசம்பர் 12-ல் வார்தா புயல் இந்தப் பக்கத்து மரங்களை வேரோடு சாய்த்தபோது, எந்தக் கிளையை எங்கே வெட்டினால் மின்கம்பியில் விழாது, எந்த மரத்தை நிமிர்த்தினால் பிழைக்கும் என்று சொன்னவர் டெண்டர் எடுத்தவரல்ல. வருஷக்கணக்காக அதே மண்ணில் நின்றவர். ஆறு மாதத்துக்கு ஓர் ஆள் என்று மாற்றினால் புல்லும் பிழைக்காது.

மயானத்தின் கதை இன்னும் கொடியது. விவசாயத் தொழிலாளி தோழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிராமத்தில் குழி வெட்டுவதும் பறையடிப்பதும் சேரிக்கென்று விதித்த வேலை. கூலி கிடையாது, படி நெல்லும் கோடித்துணியும்தான். வெட்டியான், தலையாரி என்று காலமெல்லாம் ஏவப்பட்டவர்கள் நெடுங்காலம் போராடி 1995-ல்தான் கிராம உதவியாளர் என்று சர்க்கார் கணக்கில் ஏறினார்கள். பட்டணத்து மயானத்திலோ சக்கரம் பின்னோக்கிச் சுழல்கிறது. மாநகராட்சி ஆளெடுத்தால் இனச்சுழற்சி உண்டு, இடமாற்றம் உண்டு, உத்தியோக உயர்வு உண்டு. எந்தச் சாதிக்காரனும் மனுப் போடலாம். காண்டிராக்டர் ஆளெடுத்தால்? நேரே அதே சேரிக்குப் போவான், அப்பன் செய்த வேலையை மகனுக்குக் கொடுப்பான். சாதி முன்வாசலில் போய்க் கொல்லைப்புறமாய்த் திரும்பி வருகிறது, இந்தத் தடவை டெண்டர் நம்பரோடு! கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021-ல், இரவு பகல் பாராமல் உடல்களை எரித்தவர்களும் புதைத்தவர்களும் இவர்களே. பிள்ளைகளே கிட்ட வரப் பயந்த நேரம் அது.

இதெல்லாம் நம் நாட்டுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் தாட்சர் அம்மையார் ஆட்சியில், 1988-ல், குப்பை வாருவது, தெருக்கூட்டுவது, பூங்காப் புல்தரை பராமரிப்பது எல்லாவற்றையும் டெண்டருக்கு விட்டே ஆக வேண்டும் என்று நகரசபைகளுக்குச் சட்டமே போட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை என்ன செய்தது தெரியுமா? பராமரிப்புச் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று மூன்று கல்லறைத் தோட்டங்களை விற்றது. விலை, ஒன்றுக்கு ஐந்து பென்ஸ்! ஒரு கோப்பைத் தேநீர்கூடக் கிடைக்காத காசு. வாங்கியவன் கைமாற்றினான், கல்லறைகளில் புதர் மண்டிற்று. சொந்தக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், கடைசியில் நகரசபையே அவற்றைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. கட்டாய டெண்டர் சட்டமும் 2000-ல் ஒழிந்தது. அவர்கள் கழற்றி எறிந்த செருப்பை நாம் ஏன் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்?

“நிரந்தர ஊழியர் வேலை செய்வதில்லை” என்பார்கள். வேலை வாங்கத்தானே மேலே அத்தனை உத்தியோகஸ்தர்கள்? மேற்பார்வை சரியில்லை என்றால் மேற்பார்வையைத் திருத்துங்கள். “காசில்லை” என்பார்கள். 2022-ல் சொத்துவரியை வீட்டின் அளவுக்குத் தக்கபடி 25 சதவீதம் முதல் 100 சதவீதம் வரை ஏற்றினீர்களே, அது எங்கே? காண்டிராக்டரின் லாபம் வானத்திலிருந்தா விழுகிறது? அதுவும் அதே கஜானாவிலிருந்துதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு தொகுப்புகளை மோடி சர்க்கார் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு முன்பு 20 பேரிலிருந்து. இப்போது 50 பேரிலிருந்து. 49 பேரை வைத்திருப்பவன் தப்பினான்! ஒரு ஸ்தாபனத்தின் மூலாதாரமான வேலையில் ஒப்பந்த ஆள் கூடாது என்று ஒரு கையால் எழுதி, துப்புரவும் தோட்டவேலையும் மூலாதார வேலையில் சேராது என்று மறுகையால் அழித்திருக்கிறார்கள். ஆனால் அழித்த இடத்திலேயே ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஸ்தாபனம் அந்த வேலைக்கென்றே அமைக்கப்படாததாக இருந்தால்தான் இந்த விலக்கு செல்லும். மில்லுக்குள் தோட்டம் போடுவதற்கு இந்த விலக்கைக் காட்டலாம். மில் நூல் நூற்க ஏற்பட்டது. மாநகராட்சி எதற்கு ஏற்பட்டது? நூல் நூற்கவா, மோட்டார் செய்யவா? பூங்காவும் துப்புரவும் அதன் கிளைத்தொழில் அல்ல, தொழிலே அதுதான். இந்த வாதத்தைச் சங்கங்கள் கோர்ட்டிலும் வீதியிலும் வைக்க வேண்டும்.

கோர்ட்டிலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் காஜியாபாத் மாநகராட்சியின் தோட்டக்காரர்கள் 1998 முதல் வேலை பார்த்தவர்கள். 2005-ல் நோட்டீஸ் இன்றி நிறுத்தப்பட்டார்கள். இருபது வருஷம் விடாமல் நின்றார்கள். 2025 ஜனவரி 31-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னது. பாதிச் சம்பள பாக்கியைக் கொடுக்கச் சொன்னது. நிரந்தரமாக்கும் நடவடிக்கையைத் தொடங்கவும் உத்தரவிட்டது. நிரந்தரமான வேலையைத் தற்காலிகப் பெயரில் வாங்கிக்கொள்ள முடியாது என்பதே அதன் பொருள். ஆனால் ஒவ்வொரு தோட்டக்காரரும் இருபது வருஷம் கோர்ட் படி ஏறத்தான் வேண்டுமா?

குரோம்பேட்டையிலும் பம்மலிலும் பெருங்களத்தூரிலும் குடியிருக்கும் மில் தொழிலாளிகளே! ஏரி ஓரத்துக் குடிசைகளில் இருக்கும் விவசாயத் தொழிலாளிகளே! உங்கள் வார்டில் ஏரியா சபை கூடும்போது சும்மா உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். இந்தப் பூங்காவுக்கு எத்தனை பேர், அந்த மயானத்துக்கு எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மாநகராட்சி மஸ்டரில் இருக்கிறார்கள், டெண்டர் தொகை எவ்வளவு, தொழிலாளி கைக்கு வந்தது எவ்வளவு, சேமநல நிதி எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். வாயால் பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஒப்பந்தத்தின் நகலையே கேளுங்கள். கிடைத்த காகிதத்தைச் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். அரசாணை 152-ஐ ரத்து செய்! அரசாணை 62-ன் கூலியை உடனே கொடு! காண்டிராக்டில் உழைத்த வருஷங்களையும் சர்வீசில் சேர்த்து மஸ்டரில் பெயர் எழுது! இவை மூன்றும் எழுதி வாங்கப்படும் வரை மாநகராட்சி வாசலில் நம் கொடி நிற்கும்.