காப்பிப் பழ நிறத்தில் ஒரு பேனல்

கணினித் திரையை அழகு பண்ணிக்கொண்டிருப்பது வேலையற்றவன் வேலை என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இல்லாமலில்லை. லினக்ஸ் பிரியர்களில் ஒரு சாரார், கல்யாண வீட்டுக்கு ராத்திரி முழுக்கக் கோலம் போட்டுவிட்டு முகூர்த்த நேரத்தில் தூங்கிப்போகிறவர்கள். ஐகான் மாற்றுவார்கள், எழுத்துரு மாற்றுவார்கள், விடிந்து பார்த்தால் எழுத வேண்டிய கடிதம் எழுதாமலே இருக்கும். ஆனாலும் இந்த வாரம் அந்த வெட்டி வேலைக்காகத்தான் வக்காலத்து வாங்கப் போகிறேன்.

எங்கள் ஏற்காடு மலையில், நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அண்ணனின் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சேலத்தில் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறாள். லேப்டாப், அரசு கொடுத்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. அரசு நிறுவனமான எல்காட் மூலமாக வந்த அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். இந்த மலையில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் விண்டோஸைத் தவிர இன்னொன்றைத் தொட்டதே இல்லை. அதைத் தொடும்படி யாரும் சொல்லவுமில்லை.

இவள் கொண்டுவந்தது 2 ஜிபி நினைவகம் உள்ள கிழட்டு இயந்திரம். டெபியனைப் புதிதாகப் போட்டு, மேலே எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைச் சூழலை வைத்தோம். 1996-ல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய திட்டம் அது. குறைந்த நினைவகத்திலும் மூச்சு வாங்காமல் ஓடும். ஓடியது. அவள் முகத்தில்தான் திருப்தி இல்லை.

“ஏன் மாமா இப்படிச் சாம்பல் கலர்லயே இருக்குது? மாத்தலாங்களா?”

“மாத்தலாம் கண்ணு. நீயே மாத்து.”

முதலில் பின்னணிப் படம். சேர்வராயன் கோயில் மேட்டில் தான் எடுத்த பனிமூட்டப் படத்தைப் போட்டாள். மூட்டத்தின் வெள்ளையில் ஐகான்களுக்குக் கீழே இருந்த வெள்ளை எழுத்துகள் காணாமல் போயின. அழகு வேறு, வாசிக்க முடிவது வேறு என்பது சொல்லாமலே புரிந்தது. அவளே சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த இன்னொரு படத்தைத் தேடிப் போட்டாள்.

அடுத்தது தமிழ். மெனுவைத் தமிழுக்கு மாற்றியதும் உகர, ஊகாரக் கீழ்வளைவுகள், திரையோரப் பட்டையான பேனலின் விளிம்பில் வெட்டுப்பட்டன. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த உயரம் தமிழுக்குப் போதவில்லை. பேனலை நாலைந்து பிக்சல் உயர்த்தி, லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் நோட்டோவில் நின்றாள்.

திரையைக் கறுப்பாக்கினால் பேட்டரி மிச்சமாகும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஓஎல்இடி திரையுள்ள போனில் அது சரி. பழைய எல்சிடி திரையில், படம் கறுப்பானாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அங்கே வெளிச்சத்தைக் குறைத்தால்தான் மிச்சம். ஜன்னல்களுக்கு நிழலும் ஒளிபுகும் தன்மையும் தருகிற ‘கம்போஸிட்டர்’ வசதியையும் அணைத்தோம். கிழட்டு இயந்திரத்துக்கு அந்த ஒப்பனை தேவையில்லை.

பேனலின் நிறத்தில்தான் கதை சூடு பிடித்தது. பழுத்த காப்பிப் பழத்தின் சிவப்பு வேண்டும் என்றாள். அமைப்புப் பட்டியலில் தேடி எடுத்திருக்கலாம். நான் வேறு வழி காட்டினேன். கோப்பு உலாவியில் கன்ட்ரோல்-எச் அழுத்தியதும், புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் வெளியே வந்தன. அவற்றுக்குள், ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரையும் ஜிடிகே நூலகத்தின் அமைப்புக்கான இடத்தில், தோற்றத்தை விவரிக்கும் ஒரு சிஎஸ்எஸ் கோப்பை உருவாக்கி, பேனலின் பின்னணிக்கு நிற எண் எழுதச் சொன்னேன். #901010. முதல் இரண்டு இலக்கம் சிவப்பு, அடுத்தது பச்சை, கடைசி நீலம். பதினாறின் அடிப்படையிலான எண்கள்; 90 என்றால் நம் கணக்கில் 144, உச்ச அளவு 255. பேனலை மறுபடி தொடங்கியதும் பழம் பழுத்துவிட்டது.

“இது எங்க சிலபஸ்ல இருக்குற சிஎஸ்எஸ்தானே!” என்றாள். அதேதான். பரீட்சைக்கு உருப்போட்டது, தன் சொந்தத் திரையில் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தாள்.

இப்படி ஆளாளுக்கு வண்ணம் பூசுவதை நிரலாளர்கள் எல்லோரும் ரசிப்பதில்லை. 2019-ல், எக்ஸ்எஃப்சிஇ போல இன்னொரு மேசைச் சூழலான க்னோமுக்குச் செயலிகள் எழுதுகிறவர்கள் சிலர் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். லினக்ஸ் வெளியீடுகளை நடத்துகிறவர்களே, எங்கள் செயலிகளின் தோற்றத்தை மாற்றி அனுப்பாதீர்கள், பொத்தானில் எழுத்து தெரியாமல் போனால் பழி எங்கள் மேல் விழுகிறது என்பது அவர்கள் குறை. பனிமூட்டத்தில் எழுத்து மறைந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் அவர்கள் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது. அதே மடலில், சொந்தக் கணினியில் ஒருவர் மாற்றிக்கொள்வதை எதிர்க்கவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் 2022-ல் வந்த க்னோம் 42 முதல், புதிய நூலகத்துக்கு மாறிய செயலிகளில் பழைய தீம்கள் எடுபடவில்லை.

அதற்கு முன்பே, 2011-ல், க்னோம் 3 பழைய மேசையின் அமைப்பையே கலைத்தபோது, பிடிக்காதவர்கள் புலம்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பழைய க்னோம் 2-ன் நிரலை எடுத்து, அர்ஜென்டினாவிலிருந்து ஒருவர் ‘மாட்டே’ என்ற மேசைச் சூழலைத் தொடங்கினார். இன்றைக்கும் அது ஓடுகிறது.

தோற்றத்தை யார் தீர்மானிப்பது என்ற இந்தச் சண்டை ஏற்காட்டுக்காரனுக்கு உறைக்கக் காரணம் உண்டு. இந்த மலையின் தோற்றத்தை மாற்றியதெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். நிழலுக்கு சில்வர் ஓக் வந்தது. லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று பெயர்ப் பலகைகள் வந்தன. இப்போது ரிசார்ட்டுகள். காப்பி நமக்குச் சோறு போடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தினமும் கண் விழித்துப் பார்ப்பது எப்படி இருக்க வேண்டும் என்று மலைக்காரனை யாரும் கேட்டதில்லை. பதினாலு அங்குலத் திரையிலாவது அந்தக் கேள்வி அவளிடம் கேட்கப்படட்டும்.

கேட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். சிவப்பு பேனலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “நெறத்த மாத்துனோம் சரி. இந்த பேனலையே யாரு மாமா எழுதுனது? உள்ள எப்படி இருக்கும்?”

டெபியனில் அதற்கு ஒரே வரியில் பதில் உண்டு. ‘ஆப்ட் சோர்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் மென்பொருளின் பெயரைப் போட்டால் மூல நிரல் மொத்தமும் இறங்கிவிடும். சி மொழியில் எழுதியது. ‘மெயின்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தாள். மற்றதெல்லாம் காடாகத்தான் இருந்திருக்கும். இருந்தாலும் மூடாமல் கீழே கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். விண்டோஸின் பட்டையைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் கையை விரித்திருப்பேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. இரண்டு எண்களைக் கூட்டும் நிரலில் லேப் வகுப்பைத் தொடங்குவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் தங்கள் திரையின் நிறத்தைக் கையால் எழுதி மாற்றவிடுங்கள். பைசா செலவில்லை. எக்குத்தப்பாக எதையாவது எழுதிவைத்தாலும் அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு பேனலைத் திரும்பத் தொடங்கினால் பழைய சாம்பல் நிறம் வந்துவிடும். பயமில்லாமல் கெடுத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.